ஏழு ஆம்பியர்

தம்பியின் காரில் பேட்டரி முதல்முறை இறங்கிய நாள் எனக்கு நினைவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை. கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டான், உள்விளக்கு எரிந்திருக்கும் என்று நினைத்து, போய் ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு வந்திருப்பேன். நாலாவது முறைதான் நினைவில் இருக்கிறது. அதற்குள் பேட்டரியையே மாற்றியிருந்தோம். புதுப் பேட்டரி போட்டுப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணே, செல்ஃப் எடுக்கல. கிட்டு கிட்டுங்குது."

அவனுக்கு வேலை சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் யார்டில். பெரிய கிரேன் ஓட்டுகிறவன். இரும்பு ஏணியில் பத்து மாடி உயரம் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்கடியில் பூமியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வான். கால் நீளம், உடம்பு ஒல்லி. அதனால் அங்கே அவனுக்குக் கொக்கு என்று பெயர். நான் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்று எனக்கு மீட்டர் என்று பெயர். வைத்தது தம்பிதான்.

போனபோது காரின் முன்பக்க பம்பரில் உட்கார்ந்திருந்தான். எப்போதும் நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஓடிவந்து ஒயரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். அன்று எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற காரின் பேட்டரியிலிருந்து நானே ஒயரை மாட்டினேன்.

"உன் பேட்டரியைக் குடிக்கிறது யாருன்னு பாக்காம விடப்போறதில்ல. ஞாயித்துக்கிழம வண்டியக் கொண்டா" என்றேன்.

"பேய்ண்ணே. உன் மீட்டர்ல பேய் தெரியுமா?"

"இழுத்துச்சுன்னா தெரியும்."

தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் பேட்டரியை எது இறக்கியது என்பதை நான் கண்டுபிடித்தேன். நிமிடக் கணக்கில் அளந்து, தாளில் எடுத்து, கையில் வைத்திருந்தேன். வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். இந்தக் காலத்துக் கார்களை நிறுத்திய உடனே அளக்கக்கூடாது. சாவியை எடுத்துக் கதவைச் சாத்திய பிறகும் உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள் விழித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத் தூங்கிப்போக அரை மணி, சிலவற்றுக்கு முக்கால் மணி ஆகும். நடுவில் ஒரு கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்கவேண்டும். ஆனால் ஃபியூஸ் பெட்டியோ ஸ்டீயரிங்குக்குக் கீழே, உள்ளே இருக்கிறது. கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, சாத்தியிருப்பதாக வண்டியை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வித்தை தேவைப்பட்டதில்லை. தம்பியை உள்ளே உட்காரவைத்துவிடுவேன். அவன் அசையாமல் காத்திருப்பான். நான் வெளியே மீட்டரோடு நிற்பேன். வண்டி தூங்கியதும் கண்ணாடி வழியாக விரலைக் காட்டுவேன். அவன் ஒரு ஃபியூஸைப் பிடுங்குவான். மீட்டர் இறங்கினால் அந்த வழியில்தான் கோளாறு. எத்தனையோ பேர் வண்டிக்கு நாங்கள் இப்படிப் பார்த்திருக்கிறோம்.

நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினேன். மூன்று ஆம்பியர் காட்டியது. பிறகு ஒன்றரை. பிறகு அரைக்கும் கீழே. மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது தம்பி தூங்கியிருந்தான். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. சட்டை பொத்தானுக்குப் பொத்தான் வேகமாக ஏறி இறங்கியது. தூங்குகிறவனுடைய மூச்சு மாதிரி அது இல்லை, மாடி ஏறி வந்தவனுடைய மூச்சு. இதை இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று நான் மறுபடி குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

முக்கால் மணியில் இருபத்தாறு மில்லி ஆம்பியரில் வந்து நின்றது. ஒரு காருக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் நிறுத்திவைத்து எடுத்தாலும் முதல் அடியில் ஸ்டார்ட் ஆகும். இருந்தாலும் விடாமல் கண்ணாடியைத் தட்டி அவனை எழுப்பி, ஃபியூஸ்களைப் பிடுங்கச் சொன்னேன். குனிந்து குனிந்து ஐந்து பிடுங்கினான். ஆறாவதுக்குக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு விரலைத் தூக்கி, இரு என்று காட்டினான். முகமெல்லாம் வேர்வை. கண்ணாடியை இறக்கினால் வண்டி விழித்துக்கொள்ளும் என்பதால் இறக்காமல் அப்படியே இருந்தான். நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

வெளியே வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்தான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு என்னிடம் எப்போதும் உரிமையான பேச்சு.

"இப்பல்லாம் இப்படித்தான் மாமா. மாடி ஏறும்போது பாதியில நின்னு போனை எடுத்துப் பாக்கறார். அப்படி யாரு மெசேஜ் அனுப்பறாங்களோ."

"வட்டிக்கடைக்காரன்" என்றான் தம்பி. மூன்று பேரும் சிரித்தோம். அவனுக்குக் கடன் எதுவும் இல்லை.

வண்டியில் குறை இல்லை என்றால், குறை வண்டி நிற்கிற இடத்தில் இருக்கவேண்டும். என்னிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. பேட்டரிக் கம்பியில் கவ்வவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு கரண்ட் போகிறது என்று குறித்துக்கொண்டே இருக்கும். அதை மாட்டி, ஒரு வாரம் இருக்கட்டும் என்றேன்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று அவசரமாகக் கேட்டான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வண்டிக்கு ஈசிஜி எடுக்கறியா?" என்றான்.

சனிக்கிழமை அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வரைபடம் வந்தபோது பட்டறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கோளாறு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. கோளாறுக்கு நேரம் காலம் தெரியாது. இதற்குத் தெரிந்திருந்தது.

காலை ஆறு இருபத்தைந்துக்கு வண்டி யார்டில் நிற்கிறது. இன்ஜின் அணைகிறது. உடனே ஏழு ஆம்பியர், பதினெட்டு நிமிடம். ஏழு மணிக்கு அவனுடைய ஷிப்ட். பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி ஏழு ஆம்பியர், நாற்பத்தைந்து நிமிடம். மூன்று பத்துக்கு ஒருமுறை, கால்மணி. திங்களைவிடச் செவ்வாய் கூடுதல். வெள்ளிக்கிழமை எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற பத்து நிமிட ஓட்டத்தில் பேட்டரியில் திரும்ப ஏறுவது அதில் கால்வாசிகூட இல்லை. பிறகு எப்படி நிற்கும்.

வண்டியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. உள்விளக்குக்கு அரை ஆம்பியர். ரேடியோவுக்கு ஒன்று. முன்விளக்குக்கு ஒன்பது, பத்து. ஏழு எது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவன் வண்டியிலேயே போட்டுப் பார்த்தேன். காற்று அடிக்கிற ப்ளோயர், மூன்றாம் நிலையில், ஏழு புள்ளி ஒன்று.

ஆக, அவன் வேலை நேரத்தில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, காற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்ஜினை ஓடவிட முடியாது. பக்கத்தில் டீசல் டேங்க், ஓடவிட்டால் வாட்ச்மேன் விசில் அடிப்பார். கண்ணாடியையும் இறக்க முடியாது. எதிர் ஷெட்டில் சிமென்ட் இறக்குவதால் யார்டு முழுக்கத் தூசி.

அவனைப் பட்டறைக்கு வரச்சொல்லித் தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"இதெல்லாமா இதுல தெரியும்?"

"எல்லாம் தெரியும். ரெண்டு மணி நேரம் உள்ள உக்காந்து என்னடா பண்ற?"

"தூங்கறேன்."

"ஏன், ரெஸ்ட் ரூம் இல்லையா அங்க?"

"அங்க போய்ப் படுத்தா நாலு பேர் கேப்பான், கொக்குக்கு என்ன ஆச்சுன்னு."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வயசாகுதுல்ல."

அவனுக்கு முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தாறு. உனக்கே வயசாகுதுன்னா நான் என்னடா என்று கேட்டேன். நீ மீட்டர், உனக்கு ஏது வயசு என்றான். பிறகு தாளை மடித்து என் மேஜையில் வைத்து, அதன்மேல் ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்தான்.

"நாப்பது நிமிஷம்ணே. அத மட்டும் எனக்கு விட்டுடு. அடுத்த மாசம் மெடிக்கல் இருக்கு. அது முடியட்டும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

மேலே ஏறுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் பரிசோதனை செய்வார். தேறாவிட்டால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். கீழே சும்மா நின்று சீட்டு எழுதுகிற வேலைதான் கிடைக்கும். ஆறு வருடம் முயன்று ஏறிய கூண்டு அது. அவனைப் பார்த்தால் கையை ஆட்டுகிறவர்கள், அவன் தூக்கும் பெட்டியின் அசைவைப் பார்த்து 'கொக்குதான் மேல இருக்கான்' என்று சொல்கிறவர்கள் அந்த யார்டில் இருந்தார்கள். அந்தப் பெயரோடுதான் அவன் நடமாடினான். அதெல்லாம் எனக்குத் தெரியும். மெடிக்கல் என்ற வார்த்தை காதில் விழவும் செய்தது. வேலை நேரத்தில் தூங்குவது வெளியே தெரிந்தால் அந்தச் சமயத்தில் சிக்கலாகும் என்று பயப்படுகிறான், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி பட்டறைக்கு வந்தாள். வண்டியில் நான் கருவி மாட்டியதை அவளும் பார்த்திருந்தாள். அவன் ஷிப்டில் இருந்த நேரம்.

"அந்தப் பேப்பர எனக்கும் காட்டுங்க மாமா."

காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். அவள் விரலை வைத்து ஒவ்வொரு மேட்டையும் எண்ணினாள். காலை, மதியம், மூன்று மணி. எந்த நாளும் தப்பவில்லை. அந்த நேரத்தில் தான் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை என்றாள். எடுத்தாலும் ரெண்டு வார்த்தை, அதற்குள் வைத்துவிடுகிறான். இரவில் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறான். தன் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். அவன் யாருடன் பேசுகிறான் என்பதுதான் பேச்சு. ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடிப்படியில் நிற்பது, உட்கார்ந்தே தூங்குவது, போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதது எல்லாவற்றையும் அவள் சொன்னாள். எல்லாவற்றையும் நான் கேட்டேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பதுதான் என் தொழில். தப்பாகச் சேர்த்தேன்.

"அவர் அதுல உக்கார முடியாத மாதிரி ஏதாவது பண்ணிடுங்க மாமா" என்றாள் கிளம்பும்போது.

பண்ணினேன். லாரிகளுக்குப் போடும் ஒரு கருவி இருக்கிறது. பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். ஸ்டார்ட் செய்ய வேண்டிய அளவு சார்ஜ் மிச்சமிருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் திரும்ப இணைப்பு வரும். நல்ல கருவி. பல வண்டிகளுக்குப் போட்டிருக்கிறேன். வழக்கமாகப் பதினொன்றே முக்கால் வோல்ட்டில் வெட்டும்படி வைப்பேன். தம்பி வண்டிக்குப் பன்னிரண்டேகாலில் வைத்தேன். அந்த ப்ளோயர் ஓடினால் இருபது நிமிடத்துக்குள் வெட்டிவிடும்.

பொத்தானுக்கு நீளமான ஒயர் கூடவே வரும். ஸ்டீயரிங்கின் அடிவரை எட்டும். ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அமுக்கலாம். நான் அந்த ஒயரைச் சுருட்டி, டேப் சுற்றி, பொத்தானை பானெட்டுக்குள்ளேயே பொருத்தினேன். இறங்கிவந்து, பானெட்டைத் தூக்கி, நாலு பேர் பார்க்க நின்று அமுக்கட்டும் என்று. அப்போதாவது கூச்சம் வரும் என்று.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கருவியைப் போடும் எந்த வண்டிக்கும் ஹாரனுக்கும் அபாய விளக்குக்கும் தனியாக ஒரு கம்பியைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்துவிடுவேன். எல்லாம் வெட்டுப்பட்டாலும் அவை இரண்டும் வேலை செய்யும். கட்டாயம் ஒன்றுமில்லை, நானாக வைத்துக்கொண்ட பழக்கம். அதற்கு ஒரு சின்ன ஃபியூஸ் ஹோல்டர் வேண்டும். அன்று பட்டறையில் தீர்ந்துபோயிருந்தது. வாடிக்கையாளர் வண்டியாக இருந்தால் போய் வாங்கிவந்து மாட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்திருப்பேன். தம்பி வண்டிதானே, அடுத்த ஞாயிறு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு வேறு வேலை வந்தது.

சாவியைக் கொடுக்கும்போது அவனிடம் சொன்னேன். "இருபது நிமிஷம்தான். அப்புறம் எல்லாம் கட்டாயிடும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. பானெட்டத் தூக்கிப் பொத்தான அமுக்கினாத்தான் திரும்ப வரும்."

"சரிண்ணே" என்றான்.

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். போடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகினான்.

அதன்பின் பத்தொன்பது நாள் பேட்டரி இறங்கவே இல்லை. எனக்குப் பெருமைதான். வண்டி எப்படி இருக்கு என்று கேட்டால், குண்டு மாதிரி நிக்குது என்பான். ஒருநாள் பட்டறை வழியாகப் போகும்போது இறங்கினான். காலில் ரப்பர் செருப்பு. வேலைக்குப் போடுகிற ஷூவைக் கையில் வைத்திருந்தான். என்னடா என்றால், ஷூ சுருங்கிடுச்சு என்றான். கணுக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது. ஏணியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னான். இரண்டு காலிலுமா என்று நான் கேட்கவில்லை.

மதியத்தில் அவன் மூன்று தடவை இறங்கி பானெட்டைத் திறந்து திறந்து மூடுவதை யார்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கொக்கு வண்டிக்குத் தண்ணி காட்டுது என்று கேலி செய்திருக்கிறார்கள். பிறகு மூன்று தடவை இரண்டாகி, ஒன்றாகி இருக்கிறது. இதெல்லாம் வாட்ச்மேன் பின்னால் சொன்னது.

மெடிக்கலுக்கு நாலு நாள் இருந்தது. மதியம் ஒன்றே முக்காலுக்கு வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். நம்பர் அவரிடம் உண்டு, அத்தனை தடவை போயிருக்கிறேன். "சார், உங்க தம்பி வண்டிகிட்ட சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு வேலை செய்தும் பேட்டரி இறங்கிவிட்டதா என்று. ஜம்பர் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க எந்த இணைப்பு தளர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். யார்டுக்குள் நுழைந்தபோது காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாலு கதவும் திறந்திருந்தது. யாரோ என் தோளிலிருந்து ஒயரை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவனைப் பின் சீட்டில் படுக்கவைத்திருந்தார்கள். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அது வெயிலின் சூடு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அவனுடைய இதயம் பல மாதங்களாகவே பலம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும். முகத்துக்கு நேராகக் காற்று அடித்தால் கொஞ்சம் சமாளிக்க முடியும். கதவுப் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது, பெயர் தெரியாதபடி சுரண்டியிருந்தான். யாருக்கும் சொல்லாமல் எங்கேயோ ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறான், மெடிக்கல் வரைக்கும் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று. அந்த நேரத்தில் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் திரும்பக் கேட்டேன். அவர் திரும்ப அதையே சொன்னார்.

வாட்ச்மேன் நல்ல மனிதர். என்னைவிட வயதில் பெரியவர். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானாகவே சொன்னார்.

"ரெண்டு தடவ அந்தப் பக்கமா போனேன் சார். தூங்கறார்னு நெனச்சேன். கை ரெண்டும் ஸ்டீயரிங் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுருந்தார். அது மேல சாஞ்ச மாதிரி இருந்தார்."

"சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரு ஹாரன் அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேனே. என் கேபின்லேருந்து முப்பது அடிதான்."

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். துன்பமில்லாமல் தூக்கத்தில் போய்விட்டான் என்பது அவருடைய எண்ணம். நான் தலையை ஆட்டினேன்.

கரண்டைக் குறிக்கிற கருவியை நான் வண்டியில் திரும்ப மாட்டியிருந்தேன். என் வேலை எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காக. ஒரு வாரம் கழித்து அதைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு ஏழு ஆம்பியர். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பூஜ்யம். அதற்குப் பிறகு கோடு தரையோடு தரையாகப் போகிறது. வாட்ச்மேன் கதவைத் திறந்தது ஒன்றரைக்கு. இடையில் முப்பத்தைந்து நிமிடம். கண்ணாடிப் பொத்தான், ஹாரன், விளக்கு, எதை அமுக்கியிருந்தாலும் கோட்டில் தெரியாது. இணைப்பே இல்லாத இடத்தில் அமுக்கினால் அளக்க என்ன இருக்கிறது. கதவைக் கையால் திறந்திருக்கலாமே என்று என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. திறக்கத் தெம்பு இருந்திருந்தால் திறந்திருப்பான்.

வண்டியை இழுத்துவந்து பட்டறையின் பின்பக்கம் நிறுத்தியிருந்தோம். இரண்டு மாதம் அது அப்படியே நின்றது. ஒருநாள் மதியம் அவன் மனைவி வந்தாள். மெலிந்திருந்தாள். வண்டியை விற்றுவிடலாம் என்று அவள் அண்ணன் சொல்கிறாராம், வாங்குகிறவருக்கு ஓட்டிக் காட்டவேண்டும், ஸ்டார்ட் ஆகுமா என்று கேட்டாள்.

ஆகும் என்றேன். பானெட்டைத் திறந்தேன். அவளும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அதை அமுக்கப்போன என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் நான் பண்ணச் சொன்னதா?"

"ஆமாம்மா."

"இத உள்ள இருந்து அமுக்க முடியாதா மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இந்த வேலை தெரியாது. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள்.

"முடியற மாதிரி பண்ணலாம். நான் பண்ணல" என்றேன்.

பிறகு ஹாரனைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஆனால் அவன் கை எங்கே இருந்தது என்று வாட்ச்மேன் அவளிடமும் சொல்லியிருந்தார். தனிக் கம்பி என்றால் என்ன, அதை ஏன் எடுக்கவில்லை, ஃபியூஸ் ஹோல்டர் எவ்வளவு சின்னது என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"அமுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

சுற்றிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிகள் அன்று ஏறியிருந்தபடியே ஏறியிருந்தன. சீட் அவனுக்காகப் பின்னால் தள்ளியிருந்ததால் அவளுக்கு ஸ்டீயரிங் எட்டவில்லை. முன்னால் நகர்ந்து, நுனியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக நடுவில் வைத்து அமுக்கினாள்.

நான் திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்தார்கள். அது நின்றதும் எந்தச் சத்தமும் இல்லை. அவள் தோள் இரண்டும் உயர்ந்து, முழங்கை நடுங்குகிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தபடியே கையை எடுக்காமல் இருந்தாள்.